நகல் இருந்தால் மட்டும் போதுமா?

கல்லில் எழுதியதும் அழியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சோழர் காலத்தில் பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது, அதன் சுவரிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டி, அது பழங்கற்படி என்று குறித்தும் வைத்தனர். நம் தருமபுரி மாவட்டத்து நடுகற்களின் எழுத்துகளையும் அறிஞர்கள் மைப்படி எடுத்துக் காத்துள்ளனர்.

இன்று நம் கல்லும் ஏடும் கணிப்பொறியே. நிலப் பட்டா, வங்கிக் கணக்கு, மாணவியரின் பிறந்த தேதி, மதிப்பெண் யாவும் அதில் அடங்கிவிட்டன. 'நகல் இருக்கிறது' என்று நாம் நிம்மதி கொள்கிறோம். அந்த நிம்மதி போதாது என்பதே நம் கருத்து.

நேற்றிரவு எடுத்த நகலில் இன்று காலை எழுதியது இராது. மளிகைக் கடைக்காரரைப் பாருங்கள். பேரேடு தொலைந்தாலும், சென்ற மாத இருப்பும் அன்றாடச் சிட்டாவும் இருந்தால் கணக்கை மீண்டும் எழுதிவிடுவார். தரவுத்தளமும் அவ்வாறே. முழு நகல் ஒன்று. அதன்பின் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் பதிவேடு ஒன்று. பகல் 11 மணிக்கு ஒரு வகுப்பின் விவரம் தவறுதலாக அழிந்தால், நகலிலிருந்து தொடங்கிப் பதிவேட்டின்படி 10.59 வரை வந்து நின்றுகொள்ளலாம். மற்றோர் இயந்திரத்தில் உடனுக்குடன் படியெடுப்பது இதற்கு ஈடாகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் அன்றோ?

நகலும் பதிவேடும் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், இரவு நேரத்தில் ஊழியர் ஒருவர் வேறு இயந்திரம் என்றெண்ணி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். நகல் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தன. தேடியபோது, அன்றாட நகல் பதிவாகவே இல்லை. அது தவறுவதை அறிவிக்கும் மின்னஞ்சலும் யாரையும் எட்டவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன், வேறொரு காரியத்துக்காக எடுத்த படி ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்து விவரங்கள் போயே போயின. நடந்ததை மறைக்காமல் உலகுக்குச் சொன்னது அந்நிறுவனத்தின் பெருமை.

எனவே நம் பள்ளிகளுக்கு நாம் சொல்வது இதுதான். நகலை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். பருவத்துக்கு ஒருமுறை, நகலிலிருந்து ஒரு மாணவியின் விவரத்தையேனும் மீட்டுப் பாருங்கள். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். செலவு சிறிது, ஒரு பிற்பகல் போதும். சான்றிதழ் கேட்டுப் பல ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும் பழைய மாணவிக்கு, 'அழிந்துவிட்டது அம்மா' என்ற பதில் எவ்வளவு கொடியது!

மாணவியரே, மீட்டுப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கையே. நாளை கணிப்பொறித் துறைக்குச் செல்லும் நீங்கள் இதை மறவாதீர்கள்.