ஏரிக்கும் அடங்கல் வேண்டும்

இங்கிலாந்து தேசத்தின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கிடையே ஏரிகள் பல அடுத்தடுத்து அமைந்த பிரதேசம் ஒன்றுண்டு. அவற்றுள் பெரியது விண்டர்மியர். நீளம் சுமார் 17 கிலோமீட்டர், மிக ஆழமான இடம் 64 மீட்டர். அவ்வேரிகளின் ஜலத்திலுள்ள பாசி, பூஞ்சணம், மீன் ஆகியவற்றை வருஷந்தோறும் எண்ணிக் கணக்கெழுதும் வேலைக்கும் உழவுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று கருதுவோர் உளர். அக்கருத்து பிசகானது.

1921-ம் வருஷத்தில் பியர்சால் என்னும் தாவர சாஸ்திரி அவ்வேரிகளை வரிசைப்படுத்தியபோது கவனித்தவற்றுள் முக்கியமானது, நீர்ப்பிடிப்பு நிலத்தில் சாகுபடிக்கேற்றது எவ்வளவு என்பதாகும். வாஸ்ட்வாட்டருக்கு அது நூற்றுக்குச் சுமார் 5 பங்கு. எஸ்த்வெய்ட்டுக்குச் சுமார் 45 பங்கு. முன்னது தெளிந்த, சத்தற்ற ஜலம். பின்னதிலோ பாசியும் நீர்ச்செடியும் மிகுதி. நிலத்தின் மண்ணும் சத்தும் ஓடையோடு ஏரிக்குப் போகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நன்னீர் உயிர்களை ஆராய்வதற்கென்று 1929-ல் ஏற்பட்ட சங்கம் விண்டர்மியர் கரையில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. அங்கே 1945 முதல் லண்ட் என்பவர் வாரந்தவறாமல் ஜலம் எடுத்துப் பாசிகளை எண்ணலானார். நட்சத்திர வடிவமுள்ள ஆஸ்டிரியோனெல்லா வசந்த காலத்தில் பெருகித் திடீரென்று குன்றிவிடும். அதன் ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கா, லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கியதும் வளர்ச்சி நின்றுவிடுவதை அவர் கண்டார். ஆனால் சில சமயங்களில் சிலிக்கா மிச்சமிருக்கும்போதே பாசி மடிகின்றது. கோதுமையைத் துருநோய் பிடிப்பதுபோல் நுண்ணிய பூஞ்சணம் ஒன்று அதைப் பற்றித் தின்பதே காரணம். ஹில்டா காண்டர் என்னும் அம்மையார் லண்டுடன் சேர்ந்து 1948-ல் இதனை வெளியிட்டார். பாசியை மட்டும் எண்ணியிருந்தால் பாதி விஷயம் இருட்டிலேயே கிடந்திருக்கும்.

மீன் கணக்கும் அவ்வாறே. யுத்தகால உணவுத் தட்டுப்பாட்டில், 1941 முதல் பெர்ச் மீன்களைக் கூடு வைத்துப் பிடித்து டப்பாக்களில் அடைத்து விற்றார்கள். யுத்தம் முடிந்தும் எண்ணிக்கை நிற்கவில்லை. 1976-ல் வந்த கொள்ளைநோய் ஏரியின் வடபாகத்தில் வளர்ந்த பெர்ச்சுகளில் நூற்றுக்குச் சுமார் 98-ஐ மாய்த்தது என்று சொல்ல முடிந்தது, முந்திய 35 வருஷக் கணக்கு கையில் இருந்ததனாலேயே.

இத்தனைக்கும் ஆகும் செலவு வீண் என்போர், விளைச்சலில்லாத வருஷத்திலும் தரிசு என்று பதியப்படுவதன் உபயோகத்தைக் கிராம அதிகாரிகளிடம் கேட்டறியலாம். விட்டுப்போன வருஷத்தைப் பின்னர் எப்பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

நிலமுடையோருக்கு இதில் சொந்த நன்மையும் உண்டு. ஏரி கெட்டால் உரம் இட்ட உழவன்மேல் பழி சுமத்துவது சுலபம். விண்டர்மியரிலோ ஊர்க் கழிவுநீரின் வழியாகவும் பாஸ்பரஸ் ஏராளமாய்ச் சேர்ந்தது என்று தெரிந்து, 1992-ல் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களில் அதைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன் பின்னும் குளிர்நீரை நாடும் சார் மீன் குறைந்து வந்தமைக்கு, ஜலம் வெப்பமடைந்ததும் ரோச் என்னும் மீன் பெருகியதும் காரணங்களாக ஆராயப்படுகின்றன. வயலின் பங்கு இவ்வளவு, ஊரின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டக்கூடியது அந்தக் கணக்கு ஒன்றே. ஆதலால் அதைக் கேட்டு வாங்கவேண்டியவர்களில் முதல்வர் கரையோர நிலச்சுவான்தார்களேயாவர்.