எண்பலகையும் ஆராய்ச்சி மணியும்

திருவாரூர் வீதியில் தேர்க்காலில் சிக்கிக் கன்று ஒன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டது. மனுநீதிச் சோழனின் இவ்வரலாற்றைத் தமிழர் யாவரும் அறிவர். நீதி கிடைத்தமைக்கு மன்னனின் நடுவுநிலைமை காரணம். தேரைச் செலுத்தியவன் அரசிளங்குமரன் என்பது மறைக்க முடியாததாய் இருந்ததும் மற்றொரு காரணம். செலுத்தியவன் இன்னான் என்பதே தெரியாதிருப்பின், மணி ஒலித்தும் பயன் என்ன?

மோட்டார் வாகனம் தோன்றியபோது மேலைநாடுகளை எதிர்நோக்கிய வினாவும் இதுவே. புழுதி எழுப்பி மறைந்துவிடும் வண்டிக்கு உரியவர் யார்? பாரிஸ் மாநகரக் காவல்துறை 1893இல் இதற்கு விடை கண்டது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறித்த தகட்டை வண்டியில் பொருத்த வேண்டும் என ஆணையிட்டது.

இங்கிலாந்தோ முதலில் வேகத்தையே அஞ்சியது. 1865ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டிகள் நகருக்குள் மணிக்கு 2 மைலும் வெளியே 4 மைலுமே செல்லலாம் என்றது. சிவப்புக் கொடி ஏந்திய ஒருவர் முன்னே நடக்க வேண்டும் என்றும் விதித்தது. இக்கட்டு 1896இல் தளர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 அன்று இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி கார் மோதி உயிரிழந்தார்.

பின்னர் வந்ததே 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம். 1904 ஜனவரி முதல் நாள் தொட்டு ஒவ்வொரு காரும் பதிவு செய்யப்பெற்று எண் தாங்கிற்று. விபத்து நேரின் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். கேட்போர்க்குத் தம் பெயரையும் முகவரியையும் பதிவெண்ணையும் கூற வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. வாகனப் பதிவு வரி தண்டுவதற்கென்றே ஏற்பட்டது எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவெண், பொறுப்பேற்பதற்கான அடையாளம். நடந்து செல்லும் எளியவன் கையில் தரப்பட்ட ஆராய்ச்சி மணி அது.

ஆயினும் அச்சட்டத்தில் பெருங்குறை ஒன்றிருந்தது. 5 ஷில்லிங் செலுத்திய எவரும் தேர்வின்றியே ஓட்டுநர் உரிமம் பெற்றனர். 1930இல் கார்களுக்கான வேக வரம்பும் நீக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அதன்பின்னரே, 1935இல், ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்னும் வரம்பும் வந்தது. சட்டம் பிணங்களின் பின்னே நடந்து வந்தது என்பதே இவ்வரலாறு தரும் துயரப் பாடம்.

இந்தியாவில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்தில் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக்குகிறது. சட்டம் உண்டு; உள்ளம் உண்டா என்பதே கேள்வி. எண்ணைப் படிக்க இயலாதவாறு சித்திர எழுத்தில் தீட்டிக் கொள்ளும் இளைஞர்களைக் காண்கிறோம். உரிமம் பெறும் வயதை எட்டாத மகனிடம் வண்டிச் சாவியைப் பெருமையுடன் நீட்டும் பெற்றோரையும் காண்கிறோம். முன்னவர் மணியின் நாவைக் கட்டுகின்றனர். பின்னவர் தேர்வின்றி உரிமம் வழங்கிய அப்பழைய தவற்றைத் தம் வீட்டிலேயே மீண்டும் செய்கின்றனர்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை எனக் கற்பித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பாதைக்கும் உரிமைகள் உண்டு என்றும், பிறருக்குத் தீங்கிழையாமை அவற்றுள் ஒன்று என்றும் உணர்த்தினார்கள். கல்லையும் முள்ளையும் அகற்றக் கடமைப்பட்ட நாம், நாமே பாதையின் முள்ளாகலாமா?

மாணவச் செல்வங்களே! காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் விதியை மதிப்பது அச்சம். எவரும் காணாத இடத்திலும் மதிப்பதே அறம். உங்கள் வண்டியின் எண் எவரும் படிக்கும் வண்ணம் தெளிவாக இருக்கட்டும். தவறு நேர்ந்தால் நின்று பதிலளிப்பேன் என்று சாலையில் செல்லும் ஒவ்வொருவருக்கும் நீங்கள் தந்துள்ள வாக்குறுதி அது.