இறுதி ஊரில் இரு நாள்

குழுச் சுற்றுலாவில் பொழுதை வகுப்பவர் வழிகாட்டியே. மைசூரிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குவோர், பண்ணாரி அம்மனை வணங்கி, பவானிசாகர் அணையைக் கண்டு, சத்தியமங்கலத்தில் பயணத்தை முடிக்கின்றனர். இறுதி ஊருக்குக் கிடைப்பவை களைத்த கால்களும் வீட்டை நாடும் மனமுமே.

பயணம் முடிந்தபின் அவ்வூரில் மேலும் இரு நாள் தங்குவதே தக்கது. அதிகாலையில் பறித்த மல்லிகை மொட்டுகள் பூச்சந்தையில் ஏலம் போவதைக் காண்போர், ஒரு முழம் பூவுக்குப் பின்னுள்ள உழைப்பை உணர்வர். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர் கீழ்பவானி வாய்க்கால் வழியே வயல்களை அடைவதைக் காணலாம். 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் ஊடே செல்லும் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. விலங்குகளின் உயிரும் மலையூர் மக்களின் வாழ்வும் ஒரே சாலையைச் சார்ந்திருப்பதன் சிக்கலை, அம்மக்களிடம் கேட்டே அறிய முடியும்; பேருந்துச் சன்னல் அதனைக் காட்டாது.

செலவு கூடும் என்பர் சிலர். பயணப் பட்டியலில் ஓரிரு இடங்களைக் குறைத்தால் அதனை ஈடுசெய்யலாம். தங்குவோர் செலவிடும் பணம் உள்ளூர்ச் சிற்றுணவகங்களுக்கும் சிறுகடைகளுக்கும் பயன்படும். ஆகவே, சுற்றுலாத் திட்டம் வகுப்போர் இறுதி ஊருக்கென இரு நாள்களை ஒதுக்குதல் வேண்டும்.