வாடகையை மட்டும் பார்த்துக் குடிவராதீர்கள்

சென்னையில் வாடகை கட்டிக் கட்டி ஓய்ந்துபோனவர்களும், பெங்களூரில் வேலை போய் ஊர்ப்பக்கம் திரும்ப நினைப்பவர்களும் ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள்: "பேசாமல் பாண்டிச்சேரிப் பக்கம் போய்விடலாம். டவுனுக்குள் வேண்டாம். வில்லியனூர், பாகூர், திருக்கனூர் பக்கம் பார்த்தால் பாதி வாடகைக்கு வீடு கிடைக்கும். பெட்ரோலும் அங்கே குறைச்சல்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வாடகை குறைந்த ஊர் செலவு குறைந்த ஊர் என்ற இந்த நம்பிக்கை, பிள்ளைகுட்டியோடு இடம் மாறும் குடும்பத்தைப் பல ஆண்டுகளுக்குத் தூக்கமில்லாமல் செய்துவிடக்கூடியது.

வாடகை குறைவு என்பது உண்மைதான். ஏன் குறைவு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. திருக்கனூர் மண்ணாடிப்பட்டு கொம்யூனின் கடைவீதி ஊர். புதுச்சேரி நகரத்துக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். எதிர்ப்பக்கம் சற்று நடந்தால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். லிங்காரெட்டிப்பாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் கரும்புக்காரன் கையில் காசு இருந்தது, கடைவீதியிலும் அது புரண்டது. ஆலை நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நகரத்தில் ஏஎஃப்டி துணி மில்லையும் 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். இன்றைக்கு மாதச் சம்பளம் வேண்டுமானால் திருபுவனை, சேதராப்பட்டு கம்பெனிகளுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் டவுனுக்கு. வேலை விலகிப்போன இடத்தில் வாடகை இறங்கத்தான் செய்யும்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சென்னையில் 12,000 கொடுத்த குடும்பம் இங்கே 5,000க்கு வீடு பிடிக்கிறது. மாதம் 7,000 மிச்சம். கணவர் டவுனில் வேலைக்குப் போனால் போகவர 44 கிலோமீட்டர். 25 நாளைக்கு 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடும் வண்டிக்குக்கூடப் பெட்ரோல் கிட்டத்தட்ட 2,400 ரூபாய். மனைவிக்கும் வேலை என்றால் இன்னொரு வண்டி. பிள்ளைகளுக்கு வேன். தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவான பெட்ரோலைத் தேடி வந்து, அங்கே போட்டதைவிட இரண்டு மடங்கு போட வேண்டியிருக்கிறது. சம்பளமும் பெருநகரச் சம்பளம் இல்லை. அந்த 7,000 எங்கே போனது என்று பத்தாம் தேதியே கேள்வி வந்துவிடும்.

பணத்தில் வராத செலவும் இருக்கிறது. அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் என் கோபம். விடிந்தும் விடியாத நேரத்தில் திருக்கனூர் கடைவீதியில் நின்று பாருங்கள். ஈரம் காயாத கூந்தலில் ரப்பர் பேண்ட் போட்டபடி, ஒரு தோளில் சாப்பாட்டுப் பை, மறு தோளில் கைப்பை என்று பஸ்ஸுக்கு ஓடிவரும் பெண்கள். வேன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள். அந்தப் பெண்கள் நாலரைக்கே எழுந்து சமைத்து முடித்தவர்கள்; இரவு திரும்பியதும் மறுபடி அடுப்படிதான். நாம் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் வாடகையில் பெரும்பங்கு இவர்கள் தூக்கத்திலிருந்து எடுத்தது. வீட்டு வரவு செலவு நோட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது.

இங்கே குறைந்த விலைக்குக் கிடைப்பதில் இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடை இங்கே உண்டு. பிராந்தியும் விலை குறைவு. எல்லையோர ஊர்களில் இதைத் தேடிப்போக வேண்டியதில்லை, வழியிலேயே நிற்கும். புதிதாக வந்து, சொந்தபந்தம் இல்லாமல், சம்பளமும் குறைந்துபோன ஆளுக்கு அது எவ்வளவு பெரிய செலவாக முடியும் என்பதை இங்குள்ள பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"வாடகை எதற்கு, மனையே வாங்கிவிடலாமே" என்பார்கள் சிலர். நேற்றுவரை கரும்பு நின்ற கொல்லையில் கல் நட்டுப் பிளாட் போட்டு விற்கிறார்கள். அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்பவர்கள்கூட, மழைக்காலத்தில் தண்ணீர் எது வரைக்கும் வரும் என்று பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கேட்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. வீடூர் அணையும் திறக்கப்பட, சங்கராபரணிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் ஆறு புகுந்தது. மலிவாகக் கிடைக்கும் மனை, பல இடங்களில், தண்ணீர் தேங்குவதாலேயே மலிவு.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு காகிதத்தில் இருக்கிறது. வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறும் ஊர் இது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லை, 1954 நவம்பர் 1க்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையை ஒப்படைத்துவிட்டு இங்கே வந்தால், 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் போய்விடும். அட்டையை மாற்றாமலே குடியிருந்தால் இங்கே உள்ளவை கிடைக்காது. ஐந்தாண்டு தொடர்ந்து குடியிருந்ததற்குச் சான்று இல்லாமல் சென்டாக் என்னும் சேர்க்கைக் குழு வழியாகப் புதுச்சேரிக்காரர்களுக்கான கல்லூரி இடமும் கேட்க முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் ஆண்டில் இந்த ஊர்க்காரர் ஆகியிருக்க மாட்டார். வீட்டு புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. பாடத்திட்டமும் வேறு: 2023-24இல் தொடங்கி இங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டுச் சமச்சீர்ப் பாடம் படித்த பிள்ளை நடுவில் வந்து திண்டாடும்.

இந்தப் பக்கம் யாருமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. திருபுவனையில் வேலை உறுதியாகிவிட்டு, பிள்ளைகள் சிறியவர்களாக இருக்க, பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு எடுத்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்த்தது வேலை, அடுத்தது பள்ளி. வாடகை கடைசியில்தான் வந்தது.

ஆனால் வாடகையை மட்டும் பார்த்து வருவதால் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு நேரும் இழப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தன் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று தமிழ்நாடு 2020இல் சட்டம் செய்தது. புதுச்சேரி 2023இல் தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் கொடுத்தது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டத்து அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை, குறைந்த வாடகைக்காகச் சில மைல் தள்ளித் திருக்கனூருக்குக் கூட்டிவந்து இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்தால் அவளுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டும் அரசுப் பள்ளியிலேயே படித்திருப்பாள். இரண்டு அரசுகளின் கணக்கிலும் அவள் அரசுப் பள்ளி மாணவி ஆகமாட்டாள். எதிர் மாநில அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளையும் சேர்த்து எண்ணிக்கொள்வோம் என்று இரண்டு அரசுகளும் விதியைத் திருத்தட்டும். அதுவரை, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்துக் கேளுங்கள்.