இரண்டு கருவிகளும் ஒரு நடுகல்லும்

“பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமா, ஐயா?” என்று நம் வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார். தமிழாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம். கல்வெட்டையும் நடுகல்லையும் பாடமாகச் சொல்லித்தரும் துறையில், அதுவும் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு, கேமராவைத் தொடாமல் காலம் தள்ள முடியாது. நம்மிடம் இரண்டு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கருவிகள் இருக்கின்றன. முதுகலை முடித்து விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், 2005ஆம் ஆண்டு, தவணை முறையில் வாங்கிய நிக்கான் டி70 ஒன்று. பத்தாண்டுகளுக்குப் பிறகு வாங்கிய நிக்கான் டி750 மற்றொன்று. இரண்டும் இன்றும் வேலை செய்கின்றன. இரண்டிலும் பொருந்தக்கூடிய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் உண்டு. ஆகவே, ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி ஓரளவு நமக்கு இருப்பதாகவே கருதுகிறோம்.

இத்தகைய கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். கடைக்காரர் சொல்வது முதல் விடை: புதியதே சிறந்தது. கலைஞர்கள் சொல்வது இரண்டாவது விடை: கருவியில் என்ன இருக்கிறது, கண்தான் எல்லாம். முதல் விடையை நாம் எளிதில் ஐயுறுகிறோம். இரண்டாவது விடை இலக்கிய மணம் வீசுவதால் அதை ஐயுறாமல் ஏற்றுக்கொள்கிறோம். நம் அனுபவத்தில் இரண்டும் பாதி உண்மைகளே.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். டி70 2004இல் வெளிவந்தது, 6.1 மெகாபிக்சல். டி750 2014இல் வெளிவந்தது, 24.3 மெகாபிக்சல். நான்கு மடங்கு என்று விளம்பரம் சொல்லும். பழைய கருவியின் படம் அகலத்தில் 3008 புள்ளிகள், உயரத்தில் 2000 புள்ளிகள். புதியதன் படம் 6016க்கு 4016. அதாவது அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கும்போதுதான் நான்கு வருகிறது. ஒரு நூலின் அட்டைக்கோ, இதழின் முழுப்பக்கத்திற்கோ பழைய கருவியின் படம் பெரும்பாலும் போதும். சுவர் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும், அல்லது படத்தில் ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுத்துப் படிக்க வேண்டும் என்றால்தான் புதியதன் மிகுதி கைகொடுக்கும்.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிட இருளில் தெரியும் வேறுபாடு பெரிது. இதை நமக்குக் காட்டியது கார்த்திகை தீபம். அன்று மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து காட்சி தரும் அந்தச் சில நிமிடங்களில், 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. அந்தத் தீபத்தைப் படமெடுக்க எந்தக் கருவியும் போதும். இருட்டில் எரியும் நெருப்புத்தானே! நாம் எடுக்க விரும்பியது அதை அண்ணாந்து பார்க்கும் முகங்களை. மாடவீதியில் அந்த நேரத்தில் முக்காலியை விரிக்க இடமிருக்காது. பிளாஷைத் தட்டினால் முகம் தெரியும். அம்முகத்தில் விழுந்திருந்த அகல்விளக்கின் ஒளி போய்விடும்.

டி70இன் ஐ.எஸ்.ஓ. எல்லை 1600. அந்த அளவில், லென்ஸை எஃப் 2.8க்குத் திறந்து வைத்தால், நமக்குக் கிடைத்த ஷட்டர் வேகம் நொடியில் எட்டில் ஒரு பங்கு. அத்தனை நேரம் எந்த முகமும் அசையாமல் இருப்பதில்லை, நம் கையும் இருப்பதில்லை. அந்த ஆண்டுகளின் தீபப் படங்களில் நம்மிடம் இருப்பவை கூப்பிய கைகளின் நிழலுருக்களும் மங்கிய நெற்றிகளும்தான். டி750இல் ஐ.எஸ்.ஓ. 12800 வரை செல்லலாம். எட்டு மடங்கு. அதே லென்ஸ், அதே திறப்பு, அதே வீதி. ஷட்டர் வேகம் நொடியில் அறுபதில் ஒரு பங்காயிற்று. புள்ளி புள்ளியாகச் சிறிது நொய்மை தெரிந்தாலும், ஒரு மூதாட்டியின் கண்ணில் நீர் நின்றது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ‘கண்தான் எல்லாம்’ என்பவர்களிடம் நாம் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் கண் அந்த முகத்தை 2005லும் பார்த்தது. கருவியால் பார்க்க முடியவில்லை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. தனித்தனிப் புள்ளியை எடுத்துக்கொண்டால் பழைய கருவியின் சென்சாரில் உள்ள புள்ளியே அளவில் பெரியது. பெரிய பாத்திரத்தில் மிகுந்த மழைநீர் பிடிபடும் என்பதுபோல, பெரிய புள்ளியே நன்றாக இருளைக் காண வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் புதிய கருவியின் சென்சார் முழுவதுமாகப் பார்த்தால் ஏறத்தாழ 2.3 மடங்கு பரப்புடையது. அந்தப் பத்தாண்டுகளில் சென்சாரிலிருந்து மின்குறியைப் படித்தெடுக்கும் முறையும் தேர்ந்துவிட்டது. பாத்திரம் சிறிதானாலும் முற்றம் பெரிது, ஒழுக்கும் குறைவு.

இருளில் புதியது வென்றது என்று எழுதிவிட்டு முடித்திருப்போம், நடுகல் ஒன்று குறுக்கே நிற்காவிட்டால்.

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் செங்கம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா அதுவே என்பர். அந்நூலில், பரிசில் பெறச் செல்லும் கூத்தரை வழிப்படுத்துபவன், போகும் வழியில் பெயர் பொறித்த நடுகற்களைக் காண்பீர்கள் என்று சொல்லியனுப்புகிறான். அந்த நிலத்தில் இன்றும் அவை நிற்கின்றன. தமிழகத் தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூல் நம் துறையில் பலருக்கு முதல் வழிகாட்டி. பல்லவர் காலத்து வட்டெழுத்துகளில், ஆநிரை கவர்ந்தோரையும் மீட்டோரையும் பற்றி அக்கற்கள் பேசுகின்றன. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் இருப்பது எழுத்தால் அன்றி வேறெதனால்?

2005இல், செங்கம் வட்டாரத்து ஏரிக்கரை ஒன்றில், அந்நூலில் நாம் காணாத நடுகல் ஒன்றை மாணவர்களோடு பார்த்தோம். நண்பகல். புதுக் கேமரா வாங்கிய உற்சாகம். பிளாஷைப் போட்டு நேர் எதிரே நின்று மூன்று படங்கள் எடுத்தோம். கல்வெட்டை எடுப்பதற்கு இதைவிடத் தவறான வழி இல்லை என்பது அப்போது நமக்குத் தெரியாது. கல்லில் வெட்டிய எழுத்துக்கு மை கிடையாது. பள்ளத்தில் விழும் நிழல்தான் அதன் மை. உச்சி வெயிலும் நேர் எதிரே அடிக்கும் பிளாஷும் அந்த நிழலை நிரப்பி எழுத்தை அழித்துவிடும். வெயில் சாயும் காலையிலோ மாலையிலோ, ஒளி கல்லின் முகத்தை உரசிச் செல்லும்போது எடுக்க வேண்டும். அந்த நேரம் வாய்க்காவிட்டால், ஒருவர் பக்கவாட்டில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லின்மேல் சாய்வாக விழச் செய்யலாம். அந்தக் கண்ணாடியின் விலை எந்த லென்ஸின் விலையிலும் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. பின்னாளில் இதை இரண்டு கருவிகளாலும் செய்து பார்த்திருக்கிறோம். பக்க ஒளியில் பழைய கருவி எடுத்த படத்தில் எழுத்துகள் படிக்கக் கிடைத்தன. நேர் ஒளியில் புதிய கருவி எடுத்த படத்தில், நான்கு மடங்கு புள்ளிகள் இருந்தும், கிடைக்கவில்லை.

அன்று இன்னொரு தவறும் செய்தோம். நினைவட்டை 512 எம்.பி. ‘ரா’ கோப்பாக எடுத்தால் நூறு படங்களுக்குள் நிரம்பிவிடும் என்பதால் ஜேபெக்கில், அதிலும் தரம் குறைத்து, எடுத்தோம். இலக்கிய வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். ரா கோப்பு என்பது ஏட்டுச்சுவடி. ஜேபெக் என்பது, சுவடியைப் பார்த்து ஒரே பாடத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு ஏட்டை ஆற்றில் விட்டுவிட்ட பதிப்பு. அந்தப் பதிப்பாசிரியர் கருவிக்குள் இருக்கும் ஒரு சில்லு. நொடிப்பொழுதில் முடிவு செய்துவிடும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் மட்டுமே. டி750இன் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். டி70 12 பிட் அளவில் பதிவதால் இதனிலும் குறைவுதான். ஆயினும் ஜேபெக்கைவிடப் பன்மடங்கு மேல். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் காட்டினார் என்று வகுப்பில் பெருமையோடு சொல்லும் நாம், நம் கையில் இருந்த மூலத்தை நாமே வீசிவிட்டோம்.

புதிய கருவியோடு 2016இல் அந்த ஏரிக்கரைக்குத் திரும்பிச் சென்றோம். கல் இருந்தது. வேடியப்பனாக வழிபடும் அவ்வூர் மக்கள் அதற்குச் சிறிய கோயில் கட்டி, சிமென்டால் அடித்தளம் அமைத்து, மஞ்சளும் சிவப்புமாக எனாமல் வண்ணம் பூசியிருந்தனர். எழுத்தின் கீழ்வரிகள் சிமென்டுக்குள் போய்விட்டன. மேல்வரிகள் வண்ணத்தின் அடியில். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கல்லை அவர்கள் கைவிடவில்லை, விளக்கேற்றுகிறார்கள். யாராவது வந்து மைப்படி எடுப்பார்கள் என்று பதினோராண்டு சும்மா இருந்தவர்கள் நாம்.

வீட்டுக்கு வந்து பழைய குறுந்தட்டுகளைத் தேடினோம். நண்பகலில் எடுத்த மூன்று ஜேபெக்குகளோடு நான்காவதாக ஒரு படம் இருந்தது. கிளம்பும்போது, மாலைச் சாயலில், மாணவர் ஒருவர் அமைப்பு மாறியிருப்பது தெரியாமல் எடுத்த படம். ரா கோப்பு! 2005இன் கோப்பை இன்றைய மென்பொருளில் திறந்தால், அன்றைய மென்பொருள் தந்ததைவிட நல்ல படம் கிடைக்கிறது. சுவடி இருந்தால் பதிப்பு மேம்பட்டுக்கொண்டே போகும். முன்பு புள்ளியும் கறையுமாகத் தெரிந்த இடத்தில் இரண்டு எழுத்துகள் துலங்கின. மூன்றாவது இன்றும் ஐயத்திற்கு இடமானது. அந்தக் கல்லின் கீழ்வரிகளுக்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று, ‘காலாவதியான’ 6 மெகாபிக்சல் கருவி தற்செயலாகக் கொடுத்த அந்த ஒரு படம்தான். எத்தனை மெகாபிக்சல் கருவி வந்தாலும் 2005ஆம் ஆண்டின் அந்த மாலையை இனி எடுக்க முடியாது.

படம் பற்றிய இந்த உண்மை திருவண்ணாமலைக்குப் புதிதன்று. 1950 ஏப்ரலில் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இரமணாச்சிரமத்தில் இருந்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு இரமணர் மறைந்ததற்குச் சற்று முன்னும் பின்னுமாக அவர் எடுத்த படங்களை இன்று பார்க்கும் எவரும் அவற்றின் புள்ளி நொய்மையைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் அங்கே இருந்தார், எடுத்தார், நாளும் இடமும் பதிவாயின. அது போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் ‘புதியது’ என்று சொல்லிவரும் டி750க்கும் பத்து வயது கடந்துவிட்டது. கேனானும் நிக்கானும் 2018இல் கண்ணாடியில்லாத முழுச்சட்டகக் கருவிகளுக்கு வந்துவிட்டன. நிக்கானிடமிருந்து புதிய எஸ்.எல்.ஆர். கடைசியாக வந்தது 2020இல், டி6, அதன்பின் இல்லை. ‘புதியதா பழையதா’ என்ற கேள்வியே ஒரு கருவிக் குடும்பத்தின் அந்திப்பொழுதில் கேட்கப்படுகிறது. அந்தக் குடும்பம் விட்டுச்செல்லும் கருவிகள் பழைய சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன என்பது எளிய மாணவர்களுக்கு நல்ல செய்தி.

அந்த மாணவருக்கு நாம் சொன்ன விடை இது. இருட்டில், அசையும் மனிதர்களை எடுப்பதுதான் உம் வேலை என்றால் புதியதை வாங்கும். பழையதால் அது முடியாது, முடியும் என்று சொல்பவர் உம்மை ஏமாற்றுகிறார். கல்லையும் சுவடியையும் வெளிச்சத்தில் எடுப்பது உம் வேலை என்றால், இருப்பதே போதும். முக்காலி ஒன்றும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் வாங்கி, வெயில் சாயும் நேரத்திற்குக் காத்திரும். எதில் எடுத்தாலும் ராவாக எடும். எடுத்த அன்றே ஊர், இடம், நாள் ஆகியவற்றை எழுதிவையும். இரண்டு இடங்களில் படியெடுத்து வையும். பெயரில்லாத படம், பெயர் அழிந்த நடுகல்லைப் போன்றது. வீரன் நிற்பான், யார் என்று தெரியாது.

பழைய கருவியை விற்பதானால் விற்கலாம், அதில் நமக்கு மறுப்பில்லை. அதனோடு பையில் கிடக்கும் நினைவட்டைகளை மட்டும் முதலில் திறந்து பார்த்துவிடுங்கள்.