மலைக்குப் பெரிய வண்டிதான் வேண்டுமா?

மலையூரான கம்போங் ராஜாவில் குடும்பம் நடத்துபவர் கடன் பட்டாவது பெரிய எஸ்யூவி வாங்க வேண்டும், அதுவே பாதுகாப்பு என்கிறார் நண்பர். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது தவறு.

மரக்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதையில் நான்கு சக்கர இயக்கம் தேவை. பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் அங்கே ஓடுவது அதனால்தான். குடும்பம் போவது வேறு வழி: தானா ராத்தா மருத்துவமனைக்கும், சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கும். இரண்டும் தார்ச் சாலைகள்.

நான்கு சக்கர இயக்கம் ஏறத்தான் உதவும், நிறுத்த உதவாது. மழையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயரும் பிரேக்கும். பெரிய எஸ்யூவியான ஃபார்ச்சூனரின் எடை ஏறக்குறைய 2 டன். ஏழு பேர் அமரும் பெரோடுவா அரூஸ் சுமார் 1.3 டன். எடை கூடக் கூட, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடும் கூடும்.

டீசலில் ஓடும் பெரிய எஸ்யூவி என்றால் செலவையும் பாருங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. மாதத் தவணையிலேயே கை வறண்டால், தேய்ந்த டயரை மாற்றுவதைத்தான் முதலில் தள்ளிப்போடுவோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வாங்குமுன் மூன்றாம் வரிசையில் தாத்தா பாட்டியை உட்காரவைத்துப் பாருங்கள். பக்கவாட்டுக் காற்றுப்பை அந்த வரிசைவரை நீள்கிறதா என்று கேளுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். குடும்பத்தைக் காப்பது இவைதான், வண்டியின் உருவம் அல்ல.