உறங்காத வட்டி

இல்லம் நாடி வருவோரை இன்முகங்காட்டி வரவேற்பது நம் மரபு. ஆயினும், படலையடியில் மோட்டார்ச் சைக்கிளின் ஒலி கேட்டதும் தாய் குசினிக்குள் மறைந்துகொள்வதும், “அம்மா வீட்டில் இல்லை” என்று பிள்ளையைச் சொல்ல வைப்பதும் வடபுலத்துச் சிற்றூர்கள் பலவற்றில் நிகழ்கின்றன. பொய் சொல்லலாகாது என்று கற்பித்த வாயே பொய்யையும் கற்பிக்க நேருகிறது. கடன் பணத்தை மட்டுமே கொண்டுபோகிறது என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விடத்தல்தீவுக்குத் தெற்கே உள்ளது பாப்பாமோட்டை. மோட்டை என்பது சிறு குளத்தைக் குறிக்கும் சொல். மேற்கே கடல்; கிழக்கே வயல். அருவியாற்றின் நீரைத் தேக்கத்து அணை திருப்பிவிடக் கட்டுக்கரைக்குளம் நிரம்புவதும், அக்குளத்து நீரால் மாந்தைப் பகுதி வயல்கள் விளைவதும் நடந்துவருவன. இத்தகைய ஊரிலே பசிக்கு இடமேது என்று வெளியூரார் வினவக்கூடும். பசியைவிடக் கொடியதாகக் கடன் அங்கே குடிபுகுந்த வரலாற்றை அவர்கள் அறியார்.

2008 ஆம் ஆண்டில் போர் இப்பகுதியைக் கடந்து சென்றபோது, மக்கள் உடுத்த துணியோடு வன்னியின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு நிலம் இருந்தது, கூரை இல்லை. வயல் இருந்தது, விதைநெல்லும் உழவு இயந்திரமும் இல்லை. கடல் இருந்தது; வள்ளமும் வலையும் இல்லை. பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின்கீழ், 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. சீமெந்தும் மணலும் கூலியும் நாள்தோறும் ஏறிய காலம் அது. சுவர் எழுந்தபின் கூரைக்குப் பணம் போதாமற் கடன்பட்ட குடும்பங்கள் பல.

அந்த வேளையிலேதான் நுண்கடன் வீடு தேடி வந்தது. வங்காளதேசத்தில் 1976 ஆம் ஆண்டில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் தொடக்கி, 2006 இல் நோபல் பரிசும் பெற்றுத்தந்த முறை அது. ஈடு வைக்கச் சொத்தில்லாத ஏழைப்பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநின்று கடன்பெறுதல் அதன் அடிப்படை. நோக்கம் நன்று. ஆனால், ஆதாயங் கருதிய நிறுவனங்கள் அதனைக் கைக்கொண்டபோது, அயலவரின் அன்பே அறவிடும் கருவியாயிற்று. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் செலுத்தவேண்டும். நேற்றுவரை ஒரே கிணற்றில் நீரள்ளியவர்கள் இன்று முகம் பாராமல் நடக்கிறார்கள்.

இக்கடனின் கணக்கைச் சகோதரிகள் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒருத்தி 50,000 ரூபா பெறுகிறாள் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்கிறார்கள். வட்டி 12,000 ரூபாவைச் சேர்த்து, 62,000 ரூபாவை 52 கிழமைகளுக்குப் பங்கிட்டால், கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்பதற்கு எளிதாகவே தோன்றுகிறது. ஆனால், ஆறு மாதத்தில் அவள் முதலிற் பாதியைத் திருப்பிவிடுகிறாள்; வட்டியோ கடைசிக் கிழமைவரை முழுத்தொகைக்கும் கணிக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அவள் கையிலிருந்த பணத்துக்கு அவள் கொடுக்கும் வட்டி நூற்றுக்கு 40 இற்கும் மேலாகும். எண்ணும் எழுத்தும் கண்ணெனக் கொண்ட சமுதாயத்தில், இந்த ஓர் எண்ணை எவரும் அவளுக்கு விளக்கிச் சொல்வதில்லை.

வட்டியினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வயல் காலபோகம், சிறுபோகம் என ஆண்டுக்கு இருமுறைக்குமேல் விளைவதில்லை. நீர் குறைந்தால் ஒருமுறையே. கடலோ காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே மீனைத் தரும். தவணை மட்டும் கிழமைதோறும் தவறாமல் வருகிறது. அறுவடைக்கு நான்கு மாதம் இருக்கும்போது வயற்காரி எதனைக் கொண்டு தவணை செலுத்துவாள்? கடையிற் கடன் சொல்வாள். தோட்டை அடகு வைப்பாள். விளையாத நெல்லை வியாபாரிக்குக் குறைந்த விலைக்குப் பேசி முற்பணம் பெறுவாள். இறுதியில், முதற்கடனை அடைக்க இரண்டாவது நிறுவனத்தில் கையொப்பமிடுவாள். கடனைக் கடனால் அடைப்பது நெருப்பை நெய்யூற்றி அணைக்க முயல்வதை ஒக்கும்.

இத்துணைக்கும் மேலே நாட்டின் இடர்களும் வந்து விழுந்தன. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை விதிக்கப்பட்டமையால், அடுத்த காலபோகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. 2022 இல் மண்ணெண்ணெய் கிடையாமல் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலவில்லை என்று அரசாங்கமே அறிவித்தது. நாட்டுக்குக் கடன்கொடுத்தோர் மேசையைச் சுற்றியிருந்து பேசி அவகாசம் வழங்கினார்கள். ஏழைத்தாயின் முற்றத்திலோ, “அக்கா, காசு தராமல் நான் எழும்பமாட்டேன்” என்று இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவனும் ஓர் ஏழைத்தாயின் மகன்தான். வசூலிக்காவிடின் அவனது வேலைக்கு உறுதியில்லை.

இலங்கைக்கு 2018 இல் வந்த ஐக்கிய நாடுகள் சபையின் கடன் விவகார நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை சென்றதை எடுத்துக்காட்டினார். வசூலிப்போர் சிலர் பெண்களின் மானத்துக்கு இழுக்கான கோரிக்கைகளை விடுத்தமையும் அவர் அறிக்கையில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே, வறட்சியுற்ற மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. மத்திய வங்கியும் தனது மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என வரம்பிட்டது. மேற்பார்வைக்கு வெளியே நின்றவர்களை அவ்வரம்பு தொடவில்லை. 2021 இல் பொலனறுவை மாவட்டத்து இங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் ஐம்பது நாள்களுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தமை, இத்துயருக்கு மொழி வேறுபாடு இல்லை என்பதைக் காட்டுகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை, வட்டி முதலை விஞ்சலாகாது என்று விதித்தது. மனுதர்மமும் உரோமச் சட்டமும் அவ்வாறே எல்லை வகுத்தன. கடன் கொடுத்தவன் ஆதாயம் பெறலாம். பட்டவனின் குடியைக் கெடுக்கலாகாது என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

இனிச் செய்யத்தக்கது யாது? கையொப்பமிடுமுன், மொத்தமாக எவ்வளவு திருப்பவேண்டும் என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுங்கள். செலுத்திய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்களால் ஏற்க இயலாத தொகைக்குப் பிறருக்காகப் பிணைநில்லாதீர்கள். கணவன் அறியாமல் மனைவியும், மனைவி அறியாமல் கணவனும் கடன்படல் வேண்டா. மறைத்த கடனே பெருகும் கடன். மிரட்டலும் தகாத சொற்களும் கடன் அறவிடும் உரிமையில் அடங்கா. அவை நேர்ந்தால் பொலிஸ் நிலையத்தில் முறையிடத் தயங்காதீர்கள்.

தனி ஒருத்தியின் சிக்கனம் மட்டும் இதனைத் தீர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1911 ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தது. ஊராரே பணஞ்சேர்த்து, ஊராரே வட்டியை முடிவுசெய்து, அறுவடைக்குப்பின் அறவிடும் சிக்கன கடனுதவிச் சங்கங்கள் நமக்குப் புதியன அல்ல. நெற்கதிர் முற்றும்வரை பொறுத்திருக்க அறிந்த கடனே உழவனுக்கு உதவும் கடன். அத்தகைய சங்கங்கள் ஊர்தோறும் மீண்டும் வலுப்பெற அரசும், படித்தோரும், புலம்பெயர்ந்து பொருளீட்டும் உறவினரும் கைகொடுத்தல் வேண்டும். கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, ஊர்ச் சங்கத்தின் முதலுக்கு அனுப்பினாலும் இறைவன் குறைகூறமாட்டான்.